ஆறாவது ஆளின் சம்மதம்

1

ஐந்து மாதங்களுக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் கீழ் வேலை செய்யும் வேலு என்பவனை இரும்புக் கம்பியால் மணிக்கட்டில் அடித்தேன். ஒரே அடிதான். அவன் "ஐயோ" என்று கையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான். வீங்கிய அந்தக் கை பத்து நாள் எதையும் தூக்கவில்லை.

மலாயாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டறையில் நான் மண்டோராக இருக்கிறேன். நம் ஊரில் மேஸ்திரி என்போமே, அதுதான். ஈயச் சுரங்கங்களுக்கு வேண்டிய பல்சக்கரங்களையும் பம்பு உடல்களையும் வார்த்துக் கொடுக்கிறோம். என் கூட்டத்தில் எட்டுப் பேர். நாலு தமிழர், மூன்று சீனர், ஒரு மலாய்க்காரர். யுத்தம் முடிந்து வந்த புது மானேஜர் நல்ல மனுஷர். ஒவ்வொரு கூட்டமும் தன் வேலை நேரத்தையும் முறையையும் தானே முடிவு செய்துகொள்ளலாம் என்றார். ஒரே நிபந்தனை, எட்டுப் பேரும் சம்மதிக்க வேண்டும். காகிதத்தில் எட்டுக் கையெழுத்தோ கைநாட்டோ இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் செல்லாது.

இரும்பு ஊற்றுவதைக் காலையிலிருந்து பிற்பகலுக்கு மாற்ற வேண்டும் என்று ஏழு பேர் ஆசைப்பட்டார்கள். காலையில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போய்க் கூடக் கொஞ்சம் சம்பாதிக்கலாம் என்ற எண்ணம். ஆ லிம் என்ற சீனர் மட்டும் மாட்டேன் என்றார். அவருக்கு மலாயும் சரியாக வராது, தமிழ் சுத்தமாக வராது. தலையை ஆட்டி ஆட்டி "ஹுஜான், ஹுஜான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஹுஜான் என்றால் மழை. இந்த ஊரில் பிற்பகல் ஆனால் மழை. எங்கள் கூரையோ ஒழுகல். உருகிய இரும்பின் மேல் ஒரு கை தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று இந்த வேலை செய்த எவனுக்கும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் ஆசை வந்துவிட்டால் காது கேட்பதில்லை.

அன்று நான் ஆபீசுக்குப் போய்த் திரும்பி வருகிறேன். ஆ லிம்மைச் சுவரோடு சேர்த்து இரண்டு பேர் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். ஒருவனுடைய முழங்கை அவர் தொண்டையில். வேலு அவருடைய மூடிய கையை விரல் விரலாகப் பிரித்து, கட்டைவிரலை மையில் தோய்த்து, காகிதத்தை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் கிடந்த கம்பியை எப்போது எடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

ஆபீசில் ஒரு பாரம் கொடுத்தார்கள். பெயர், அட்டை எண், அடித்த இடம், அடிபட்ட உறுப்பு. கடைசியில் ஒரு வரி: அடித்த காரணம். ஆபீஸ் இங்கிலீஷ் எனக்குப் போதாது. எழுதுவதற்கு என் மகன் தாமஸைக் கூப்பிட்டேன். அவன் பேனாவை வைத்துக்கொண்டு, "காரணம் என்னப்பா போடட்டும்?" என்றான்.

"ஒழுங்கு மீறல்னு போடு."

அவன் போட்டான். அது பொய். காரணம் திருச்சினாப்பள்ளியில் இருக்கிறது.

2

பாலக்கரையில் அப்போது ஒரு வார்ப்படப் பட்டறை இருந்தது. இப்போது இல்லை என்று கேள்வி. கரும்பு ஆலை உருளைகள், அரிசி ஆலைச் சக்கரங்கள், கிணற்று ராட்டினங்கள் வார்ப்போம். தொட்டியத்திலிருந்தும் துறையூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்து வாங்கிப் போவார்கள். கிரேன் கிடையாது. உலையிலிருந்து வடியும் இரும்பை ஒரு பெரிய வாளியில் பிடித்து, தண்டு கொடுத்துத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அதற்கு நாங்கள் ஆறு பேர்.

முன்னால் பெரியசாமி, சின்னசாமி என்று துறையூர் அண்ணன் தம்பி. பின்னால் ஒரு பக்கம் காதர் பாய், ஒரு பக்கம் நான். எங்களுக்கு நடுவில் வாளியைச் சாய்க்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ரெங்கண்ணன். வாளியை ஒட்டி, இரும்பின் மேல் மிதக்கும் கசடை ஒதுக்கிக்கொண்டே நடப்பவர் மாணிக்கண்ணன். அவர் தொட்டியத்துக்காரர், எங்கள் மேஸ்திரி.

ரெங்கண்ணன் ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியில் இருந்தார். தினமும் காவிரிப் பாலத்தின் மேல் நடந்தே வருவார். உலைச் சூட்டில் அவர் நெற்றியிலிருக்கும் திருமண் வியர்வையில் கரைந்து மூக்கு நுனிவரை ஒழுகும். நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற பாலக்கரைக் கிறிஸ்தவன். "சவரிமுத்து, உங்க சாமிக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் போதும். எங்க சாமிக்கு மாசத்துல பாதி நாள் உற்சவம்" என்று கேலி செய்வார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மூன்று பெண்டுகள் இருந்த வீட்டில் ஒரே சம்பாத்தியம் அவருடையது.

ஆறு பேரும் "சரி" என்று சொன்னால்தான் வாளியைத் தூக்குவது என்பது எங்கள் வழக்கம். மாணிக்கண்ணன் கொண்டுவந்தது. முன்னாலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லாவிட்டால் இரும்பு ஆறிப்போனாலும் வாளி தரையை விட்டு எழாது. ஏன் என்று கேட்கிற உரிமையும் கிடையாது. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம்.

ஒருநாள் காதர் பாய் "வேணாம்" என்றுவிட்டார். சின்ன முதலாளி, அதாவது முதலாளியின் மகன், காட்டுக் கத்தல் கத்தினார். காதர் பாய் அசையவில்லை. "என்னமோ வாடை சரியில்லீங்க" என்றார். இரும்பைக் கீழே மணலில் கொட்டிவிட்டு, ஊற்றவிருந்த அச்சைப் பிரித்துப் பார்த்தோம். அடியில் மண் சொதசொதவென்று ஈரம். அதில் ஊற்றியிருந்தால் இரும்பு குண்டு போல வெடித்திருக்கும். அன்று ஆறு பேர் உயிரையும் ஒரு வார்த்தை காப்பாற்றியது. அதற்குப் பிறகு எங்களுக்கு அந்த வழக்கத்தின் மேல் பெருமை வந்துவிட்டது. ரெயில்வே பட்டறையில் வேலை செய்கிற ஆட்களிடம்கூடப் பீற்றிக்கொள்வோம்.

3

நாங்கள் வெறும் காலோடு வேலை செய்தோம். இரும்புப் பொறி தெறித்த வடு இல்லாத கணுக்கால் எங்களில் யாருக்கும் இல்லை. காலுக்குத் தோலுறை வாங்கித் தரச்சொல்லி ஒரு சனிக்கிழமை சின்னசாமி போய்க் கேட்டான். சின்ன முதலாளி தன் காலிலிருந்த செருப்பைக் கழற்றினார்.

"காலுக்குத்தானே தோல் கேக்கறே? இந்தா" என்று முகத்தில் அடித்தார். இரண்டு கன்னத்திலும் அடித்தார். மண் சுமக்கிற பெண்கள் இருபது பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று சாயங்காலம் மாணிக்கண்ணன் ஒரு திட்டம் சொன்னார். திங்கட்கிழமை வழக்கம்போல உலையை மூட்டுவது. முதல் வாளியை ஊற்றிவிடுவது. இரண்டாவது வாளிக்கு உலையின் வாயைத் திறக்காமல் ஆறு பேரும் வெளியே போய்விடுவது. உள்ளே இருக்கும் இரும்பு அப்படியே உறைந்துவிடும். பிறகு உலையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டு மாதம் பட்டறை படுத்துவிடும்.

இதற்கு ஆறு பேரும் வேண்டும். ஒரே ஒரு ஆள் கடப்பாரையை எடுத்து உலையின் வாயைக் குத்திவிட்டால் போதும், உலை பிழைத்துவிடும்.

ஐந்து பேர் சரி என்றோம். ரெங்கண்ணன் மட்டும் மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு நடந்துவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் நான் மற்ற நாலு பேரோடு பாலத்தைத் தாண்டிப் போனேன். கோடைக்காலம். காவிரியில் ஒரு ஓரமாக மட்டும் தண்ணீர் ஓடியது, மீதியெல்லாம் கொதிக்கிற மணல். ரெங்கண்ணனை வீட்டிலிருந்து கூப்பிட்டுக்கொண்டு ஆற்றுக்குள் நடந்தோம். உச்சி வெயில். ஒரு ஈ காக்கை இல்லை.

"கடைசியாக் கேக்கறேன், ரெங்கா. நாளைக்கு எங்களோட உண்டா, இல்லையா?" என்றார் மாணிக்கண்ணன்.

"வேலையை விட்டு வெளிய வர்றதுக்கு உண்டு. வாசல்ல பட்டினி கிடக்கணுமா, கிடக்கறேன். உலையைக் கொல்றதுக்கு இல்லை."

"சின்னசாமியைச் செருப்பால அடிச்சிருக்கான். உனக்கு ரோஷம் இல்லையா?"

"இருக்கு. அதுக்காக மண்ணு சுமக்கற பொம்பளைங்க இருபது பேரு ரெண்டு மாசம் அடுப்பு மூட்டாம இருக்கணுமா? அவங்களை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அஞ்சு பேர் சொல்றோம்டா."

"அஞ்சு பேர் சொன்னா அஞ்சுதான். ஆறு ஆகாது. நீங்க வச்ச வழக்கம்தானே, அண்ணே?"

முதல் அடி சின்னசாமி அடித்தான். வாயில் விழுந்தது. பிறகு பெரியசாமி. ரெங்கண்ணன் திருப்பி அடிக்கவில்லை. முகத்தை மறைத்துக்கொண்டு மணலில் மண்டி போட்டார். அவர் மூக்கிலிருந்து விழுந்த ரத்தத்தை மணல் உடனே குடித்தது. காதர் பாய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலைக்கோட்டையைப் பார்த்து நின்றார். அடிக்கவுமில்லை, தடுக்கவுமில்லை.

"கையைப் பிடிடா" என்று மாணிக்கண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார்.

பிடித்தேன். வலது கையைப் பின்னுக்கு இழுத்து முறுக்கினேன். மாணிக்கண்ணன் அவர் விலாவில் உதைக்கும்போதெல்லாம் அவர் முன்னால் சாய்வார். சாயச் சாய நான் இன்னும் முறுக்கினேன். ஒரு கட்டத்தில் அவர் தோளுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறியது. சத்தம் கேட்கவில்லை. என் விரல்களுக்குத் தெரிந்தது. அவர் போட்ட கூச்சலில் அக்கரைப் பனைமரத்துக் கொக்குகள் எழும்பின.

"சரி" என்றார். "சரி, சரி, விடுங்கடா."

"மனசாரச் சொல்லு" என்றார் மாணிக்கண்ணன்.

"மனசாரத்தான்."

மாணிக்கண்ணன் அவரைத் தூக்கி நிறுத்தி, கட்டிக்கொண்டார். கண்ணீர் விட்டார். நான் சத்தியமாகச் சொல்கிறேன், அது நடிப்பு இல்லை. தன் துண்டைத் தண்ணீரில் நனைத்து வந்து ரெங்கண்ணன் முகத்தைத் துடைத்தார். பாலத்தடியில் ஒரு கடையில் ஆறு பேருக்கும் கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். ரெங்கண்ணன் இடது கையால் வாங்கிக் குடித்தார்.

"இப்பத்தான் நாம ஆறு பேர்" என்றார் மாணிக்கண்ணன்.

4

தாமஸுக்குப் பத்தொன்பது வயது. கைக்குழந்தையாக மட்டும்தான் அவன் திருச்சியில் இருந்தான், அதனால் அந்த ஊர் அவன் நினைவில் கிடையாது. இங்கிலீஷில் கணக்குப் போடுவான், மலாயில் சண்டை போடுவான், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். சுரங்க ஆபீசில் குமாஸ்தா. தொழிலாளர் சங்கத்துக் கூட்டங்களுக்கெல்லாம் போகிறான். அவன் அம்மா சமைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே எனக்குப் பாடம் எடுப்பான்.

"எட்டுப் பேரும் சம்மதிக்கணும்னா ஒரு வேலையும் நடக்காதுப்பா. கை தூக்கச் சொல்லுங்க. அஞ்சு கை ஒரு பக்கம் எழும்புச்சுன்னா முடிஞ்சது."

"மீதி மூணு பேர்?"

"தோத்துட்டாங்க. அடுத்த தடவை ஜெயிக்கட்டும்."

இதை நான் பல நாள் யோசித்தேன். கை தூக்குகிற முறை எங்களுக்கு இருந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆற்றுக்குப் போயிருக்க மாட்டோம். ரெங்கண்ணன் தோற்றுப்போய் வீட்டில் இருந்திருப்பார், கையும் நன்றாக இருந்திருக்கும். அவருடைய ஒரு வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு வைத்திருந்ததால்தான் அதை அடித்துப் பிடுங்கினோம். ஆனால் அதே மதிப்பால்தானே காதர் பாயின் "வேணாம்" எங்களைக் காப்பாற்றியது? இதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன்.

ஆ லிம்மின் விஷயத்தில் ஒன்று மட்டும் செய்தேன். மலாய் தெரிந்த இன்னொரு சீனரை வைத்துக்கொண்டு, ஆ லிம் ஏன் மாட்டேன் என்கிறார் என்பதை எல்லோருக்கும் மெதுவாகச் சொல்லச் செய்தேன். கூரை ஒழுகும் இடத்துக்கு ஆ லிம்மே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அன்று அவர் தொண்டையில் முழங்கையை வைத்தவன்தான் முதல் ஆளாக "அதானே" என்றான். ஊற்றும் நேரம் மாறவில்லை. கேட்பதற்குக் கால் மணி நேரம்தான் ஆயிற்று.

5

திங்கட்கிழமை ரெங்கண்ணன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். உலைக்குப் பக்கத்தில் யாரும் சட்டை போடுவதில்லை. உதடு தடித்திருந்தது. இடது கையால் இட்டுக்கொண்டதாலோ என்னவோ, திருமண் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"கை எப்படி இருக்குண்ணே?" என்று மெல்லக் கேட்டேன்.

"இருக்கு" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு உலையின் வாயைத் திறந்தோம். இரும்பு வந்து வாளியில் நிறைந்தது. சின்ன முதலாளி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் தண்டைப் பிடித்துக் குனிந்தோம்.

"சரி" என்றான் பெரியசாமி. "சரி" என்றான் சின்னசாமி. காதர் பாய் கொஞ்சம் தாமதித்து "சரி" என்றார்.

அடுத்தது நான். ரெங்கண்ணனின் வலது கை கைப்பிடியின் மேல் சும்மா வைத்த மாதிரி இருந்தது. விரல்கள் மூடவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் அது தெரியும். அந்தத் தோளை நான்தான் முறுக்கினேன் என்பதும் தெரியும். "வேணாம்" என்று நான் சொல்லியிருக்கலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டாம், அதுதான் எங்கள் வழக்கம். வாளி கீழேயே இருந்திருக்கும். ஆனால் முதல் வாளியை ஊற்றினால்தானே இரண்டாவது வாளிக்கான திட்டம் நடக்கும்? மாணிக்கண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோழை என்று நினைப்பாரோ என்று பயந்தேன்.

"சரி" என்றேன்.

ரெங்கண்ணனும் "சரி" என்றார். மாணிக்கண்ணன் கடைசியாகச் சொன்னார். தூக்கினோம்.

மூன்று அடி நடந்தோம். நாலாவது அடியில் கைப்பிடி ரெங்கண்ணனின் பிடியை விட்டுச் சுழன்றது. வாளி மாணிக்கண்ணன் பக்கமாகச் சாய்ந்தது. இடுப்புக்குக் கீழே இரும்பு அவர் மேல் கொட்டியது.

அவர் அலறவில்லை. அலறியவர்கள் மற்றவர்கள். அவர் வேட்டி ஒரு கணத்தில் தீயாகி மறைந்தது. அவர் நின்றபடியே தன் கால்களைக் குனிந்து பார்த்தார். பிறகு அந்தக் கால்கள் அவரைத் தாங்கவில்லை. விழுந்த இடத்திலும் இரும்பு ஓடிக்கொண்டிருந்தது. காதர் பாய் அவர் அக்குளில் கைகொடுத்து இழுத்தார், அதில் காதர் பாயின் பாதம் ஒன்று வெந்தது. பெண்கள் கூடை கூடையாக மணலை அள்ளிக் கொட்டினார்கள். அந்த வாடையை எழுத மாட்டேன்.

மண் சுமக்கிற பலகையில் கிடத்தி, அந்தப் பெண்களே தூக்கிக்கொண்டு ஓடி ஜட்கா வண்டியில் ஏற்றினார்கள். நாங்கள் வேண்டுமென்றே கொட்டிவிட்டோம் என்று சின்ன முதலாளி நினைத்துவிட்டார். சந்துக்குள்ளிருந்து அவர் ஆட்கள் பத்துப் பேர் சிலம்பக் கம்புகளோடு வந்தார்கள். யார் என்ன என்று கேட்கவில்லை. பெரியசாமியின் மண்டை பிளந்தது. எனக்கு மூன்று பற்கள் போயின. ரெங்கண்ணன் விழுந்த பிறகும் அடித்தார்கள். சண்டையில் உலையை யாரும் நினைக்கவில்லை. அது தானாகவே உறைந்துபோயிற்று.

மாணிக்கண்ணன் மூன்றாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் இறந்தார்.

6

போலீஸ் விசாரணைக்கு முன்னால், ஆஸ்பத்திரி வளாகத்து வேப்பமரத்தின் கீழ் நாங்கள் நாலு பேர் கூடினோம். ரெங்கண்ணனை ஏற்கெனவே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தலைக்கட்டோடு இருந்த பெரியசாமிதான் பேச்சை எடுத்தான்.

"வேணும்னேதான் விட்டான். முந்தின நாள் அடிச்ச கோவம். நாலு பேரும் ஒரே மாதிரி சொல்லணும். அடிச்சதைப் பத்தி மூச்சு விடக்கூடாது. வாய்ச்சண்டைன்னு மட்டும் சொல்லுங்க."

"நான் பார்க்கலை. பார்க்காததை அல்லா மேல ஆணையா என்னால சொல்ல முடியாது" என்றார் காதர் பாய்.

"அப்ப நீ சும்மா இரு. மூணு பேர் போதும் போலீசுக்கு. சவரிமுத்து, நீ என்ன சொல்றே?"

ஆற்றில் நடந்ததைச் சொன்னால் நானும் உள்ளே போவேன். உலையை உறைய வைக்கத் திட்டம் போட்டதும் வெளியே வரும். வீட்டில் கைக்குழந்தை. இதெல்லாம் காரணங்கள்தான். அப்போது அவற்றைக்கூட நான் வரிசையாக நினைக்கவில்லை. பயந்தேன், தலையாட்டினேன்.

கோர்ட்டில் கூண்டில் ஏறி, வேதாகமத்தின் மேல் கை வைத்து, அவர் வேண்டுமென்றே கைப்பிடியை விட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்றேன். ரெங்கண்ணனுக்கு வக்கீல் இல்லை. சாட்சியை ஏதாவது கேட்க வேண்டுமா என்று ஜட்ஜ் அவரைக் கேட்டார். ஆற்றில் நடந்ததற்குப் பிறகு முதல்முறையாக அவர் என்னை நேரே பார்த்தார்.

"இல்லைங்க" என்றார்.

மூன்று வருஷம் கடுங்காவல்.

அடுத்த மாதமே நான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிவிட்டேன். அங்கேயும் ஒரு குமாஸ்தா, "ஊரை விட்டுப் போற காரணம்?" என்று கேட்டார். "பிழைப்பு" என்றேன். எழுதிக்கொண்டார். இங்கே வந்த முதல் வாரம், சரக்குக் கட்டும்போது துரை "தாலி! தாலி!" என்று கத்தினார். கணவனைப் பறிகொடுத்த மாணிக்கண்ணன் பெண்சாதி ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்த கோலம்தான் கண்ணில் வந்தது. மலாயில் தாலி என்றால் கயிறு என்று பிறகுதான் தெரிந்தது. பக்கத்திலிருந்தவன் சிரித்துக்கொண்டே கயிற்றை எடுத்துக் கொடுத்தான்.

ஒரு வருஷம் கழித்து மனைவியும் குழந்தையும் வந்து சேர்ந்தார்கள். பிறகு ஜப்பான்காரன் வந்தான். அவன் காலத்தில் ஆட்களை அடித்துக் கையெழுத்து வாங்குவதைத் தினமும் பார்த்தேன். மற்றவர்கள் ஜப்பான்காரனைத் திட்டினார்கள். என்னால் வாய் திறக்க முடியவில்லை.

7

வேலுவை அடித்ததற்காக என்னை ஒரு மாதம் மண்டோர் வேலையிலிருந்து இறக்கினார்கள். வேலுவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒரு டம்ளர் காப்பி கொடுத்து, "போவட்டும் விடுங்க, மண்டோர்" என்றான். அவ்வளவு சுலபமாக அது முடிந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த வாரமே தாமஸை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அந்த ஆளு உயிரோட இருக்காரா?"

எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

இங்கே ஒரு மாஜிஸ்திரேட் முன்னால் போய், ரெங்கண்ணன் வேண்டுமென்றே விடவில்லை, முந்தின நாள் அவர் தோளை நான்தான் பிசகச் செய்தேன், கோர்ட்டில் சொன்னது பொய் என்று சத்தியப் பிரமாணம் எழுதி, திருச்சிக்கு அனுப்பினேன். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. வழக்கு எண், தீர்ப்புத் தேதி, நீதிபதி பெயர் ஆகியவை குறிப்பிடப்படாததால் மேல் நடவடிக்கை எடுக்க இயலவில்லை, உரிய முத்திரைத்தாளில் மீண்டும் விண்ணப்பிக்கவும் என்று இருந்தது. குற்றத்தை ஒத்துக்கொள்ளக்கூட எண் கேட்கிறார்கள். தாமஸ் பழைய விவரங்களைத் தேடித் தரச்சொல்லி மறுபடியும் எழுதியிருக்கிறான். இன்னும் பதில் இல்லை.

காதர் பாய்க்கும் எழுதினேன். அவர் பாலக்கரையிலேயே இருக்கிறார். ரெங்கண்ணன் உயிரோடு இருக்கிறார், ஒரு வாழைக்காய் மண்டியில் காவலாளி, வலது கை தோளுக்கு மேலே எழும்பாது என்று பதில் போட்டார். விலாசமும் கொடுத்தார். ரெங்கண்ணனுக்கு நாலு பக்கம் எழுதினேன். கையை முறுக்கியது, "சரி" சொன்னது, கூண்டில் ஏறியது, ஒன்றையும் விடவில்லை. கை விட்டதற்கு நான்தான் காரணம், உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை, என்னை மன்னிக்க வேண்டும் என்று முடித்திருந்தேன்.

சென்ற வாரம் அவர் பதில் வந்தது. அவருக்கு எழுத வராது. மகள் ஆண்டாள் எழுதியிருக்கிறாள். அவர் சொன்னதை அப்படியே எழுதுவதாக மேலேயே குறிப்பு. அதை மாற்றாமல் இங்கே தருகிறேன்.

"சவரிமுத்துவுக்கு. காயிதம் வந்துது. கை வலிச்சது நெசம். ராத்திரி பூரா தூங்கலை. ஆனா அந்த நாலாவது அடியில மாணிக்கம் என் கண்ணு முன்னாடி நடந்துக்கிட்டு இருந்தான். அவன் மேல எனக்குக் கோவம் இருந்ததும் நெசம். கை தானா விட்டுச்சா, நான் விட்டேனான்னு ஜெயில்ல மூணு வருஷம் யோசிச்சேன். இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை. எனக்கே தெரியாததை நீ தெரியும்னு கோர்ட்டுல சொன்னே. இப்ப அப்படி இல்லேன்னு எழுதறே. ரெண்டும் உனக்குத் தெரியாதுப்பா. மாணிக்கம் பொண்டாட்டிக்கு வருஷா வருஷம் திவசத்துக்கு அரிசி அனுப்பறேன், அது என் பாடு. மன்னிச்சுட்டேன்னு எழுதச் சொல்லி மக கேக்கறா. எழுதவேணாம்னுட்டேன். மனசுல இல்லாததைச் சொல்லி ஒரு தடவை பட்டது போதும். பையனுக்கு ஆசீர்வாதம்."

நான் அதை வாசித்துக் காட்டினேன். தாமஸ் கடிதத்தைக் கையில் வாங்கி, தானே ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படித்தான். வெகு நேரம் ஆயிற்று.

"மன்னிக்கலையே, அப்பா."

"ஆமா."

"இன்னொரு தடவை எழுதிக் கேட்டுப் பாக்கலாமா? நான் வேணும்னா எழுதறேன்."

"கேக்கக்கூடாதுடா. அவரு சொல்லிட்டாரு."